ஓர் அஞ்சலட்டை அளவு ரப்பர்

டொயோட்டாவின் ஜிடி 86 ஸ்போர்ட்ஸ் கார் 2012-இல் வந்தபோது கார்ப் பித்தர்கள் முதலில் கேலி செய்தது அதன் டயரைத்தான். 200 குதிரைத்திறன் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், தரையோடு பதுங்கிய உடல். இத்தனைக்கும் கீழே மாட்டியிருந்தது மிஷலின் பிரைமசி எச்பி. பெட்ரோல் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸிலும் வந்த அதே ரகம். அகலம் வெறும் 215 மி.மீ. இன்றைக்குக் குடும்பக் கார்களே இதைவிட அகலமான டயரில் ஓடுகின்றன.

காசை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இல்லை இது. தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாடா வேண்டுமென்றேதான் அப்படி முடிவெடுத்தார். டர்போ வேண்டாம், நாலு சக்கர ஓட்டம் வேண்டாம், பிடிப்பு மிகுந்த டயரும் வேண்டாம் என்று மூன்றையும் ஒதுக்கினார். பிடிப்பின் எல்லை தாழ்வாக இருந்தால்தான் சாதாரண ஓட்டுநர் சாதாரண வேகத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்க முடியும்; வளைவில் பின்பக்கம் இலேசாக நழுவுவதையும், அதை ஸ்டீயரிங்கால் பிடித்துத் திருத்துவதையும் அனுபவிக்க முடியும். எல்லை உயர உயர, அந்த அனுபவம் உயிருக்கு உலை வைக்கும் வேகத்துக்குத் தள்ளிப் போய்விடும்.

வாங்கியவர்களில் பலர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வேலையாகக் கம்பெனி வீலைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வீல் தேடினார்கள். அங்கேதான் கேள்வி பிறக்கிறது: எந்த அளவு? ‘மட்கார்டுக்குள் நுழைகிற மட்டும் பெரிதாகப் போடு’ என்பது கடைத்தெருவின் பதில். இயற்பியல் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டாது.

அந்தக் காரின் டயர்ச் சுவரைக் குனிந்து படித்தால் 215/45 ஆர் 17 87 டபிள்யூ என்று இருக்கும். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது சதவீதம்: சுவரின் உயரம் அகலத்தில் 45 சதவீதம், அதாவது 96.75 மி.மீ. மூன்றாவது ரிம்மின் குறுக்களவு, அதுமட்டும் அங்குலத்தில். நடுவில் நிற்கும் ஆர் ரேடியல் டயர் என்பதற்கு. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை ஓடத் தகுதி. இந்த மில்லிமீட்டர், சதவீதம், அங்குலக் குழப்பத்தைச் சீர்செய்ய மிஷலினே 1975-இல் முயன்றது. டிஆர்எக்ஸ் என்ற பெயரில் ரிம்மையும் மில்லிமீட்டரில் கொண்டுவந்தது; வேறு டயர் அதில் உட்காராது. முயற்சி எடுபடவில்லை. அந்த வீலோடு வந்த பழைய பிஎம்டபிள்யூ, ஃபெராரி வைத்திருப்பவர்கள் இன்றும் டயருக்காக அலைகிறார்கள், கிடைத்தாலும் விலை கொள்ளை. உலகம் அங்குலத்திலேயே தங்கிவிட்டது.

இப்போது கணக்கு. 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. மேலும் கீழும் சுவர் உயரத்தைக் கூட்டினால் டயரின் முழுக் குறுக்களவு 625.3 மி.மீ. வெளியே வீல் வாங்குகிறவர் முதலில் கட்டிக் காக்க வேண்டிய எண் இதுதான். ரிம்மைப் பெரிதாக்கினால் சுவரைக் குட்டையாக்கி இந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 18 அங்குல ரிம்மில் 215/40 போட்டால் 629.2 வரும், அரை சதவீதத்துக்குச் சற்று மேல், பாதகமில்லை. அதே ரிம்மில் ஆசைப்பட்டு 235/40 போட்டால் 645.2. கம்பெனி அளவைவிட 3.2 சதவீதம் அதிகம்.

மூன்று சதவீதத்தில் என்ன குடிமுழுகிவிடும்? பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. முன்பு நிஜமாக 100-இல் போனபோது காட்டிய எண்ணையே, இப்போது 103-ஐத் தாண்டிப் போனாலும் காட்டும். ஐ.நா. வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி அமைக்கின்றன. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. இழுவைக்கும் அடி. இந்தக் காரின் தொடக்ககால மேனுவல் கியர் வண்டிகளில் கடைசிப் பல்சக்கர விகிதம் 4.1, டயர் 3.2 சதவீதம் வளர்ந்தால் அது 3.97 ஆனதற்குச் சமம். எல்லா கியரிலும் இழுப்பு அந்த அளவு மந்தமாகும். காசு கொடுத்து வண்டியை மெதுவாக்குவது என்பது இதுதான்.

அகலத்துக்கு வருவோம். அகலமான டயர் அதிக ரப்பரைத் தரையில் வைக்கும் என்பது எல்லோரும் நம்புகிற விஷயம். காரின் எடை ஏறத்தாழ 1,240 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 310. டயருக்குள் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். எனவே 310-ஐ அந்த அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும்: சுமார் 126 சதுர சென்டிமீட்டர். நம் அஞ்சலட்டை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம்; பெருக்கிப் பாருங்கள், அதே 126. பிரேக், வளைவு, வேகம் எல்லாமே இப்படி நான்கு அட்டைகளின் பொறுப்பு.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை. எடையும் அழுத்தமும் மாறாதவரை 215 போட்டாலும் 245 போட்டாலும் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே. டயரின் சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் சிறு வித்தியாசம் வரலாம், அவ்வளவுதான். மாறுவது வடிவம். ஒடுங்கிய டயரில் அந்தப் பரப்பு முன்பின்னாக நீளும். அகன்ற டயரில் பக்கவாட்டில் விரிந்து நீளம் குறையும்.

பிறகு ஏன் பந்தயக் கார்கள் அகல டயரில் ஓடுகின்றன? பள்ளியில் படித்த உராய்வு விதி ரப்பரிடம் செல்லாது என்பதில்தான் விடையின் பாதி இருக்கிறது. பரப்புக்கும் உராய்வுக்கும் சம்பந்தமில்லை, எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும் என்று பிரெஞ்சுக்காரர் அமோந்தோன் 1699-இல் சொன்ன விதி அது. ரப்பரில் எடை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது, அதற்குக் குறைவாகவே கூடும். ஏறிக்கொண்டே போகும் சுமைக்குப் பிடிப்பு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே ஒரே சுமையைக் குறைந்த அழுத்தத்தில் பரப்பித் தாங்கினால் ஆதாயம் உண்டு. உள்ளே அதிகக் காற்றுக்கு இடமுள்ள அகல டயரால் அதைச் செய்ய முடியும். அது மட்டுமில்லை. அகல டயரில் சுற்றளவு முழுக்க ரப்பர் அதிகம் என்பதால் சூடும் தேய்மானமும் பங்கிடப்படும். அந்தத் தைரியத்தில் தயாரிப்பாளர் மென்மையான ரப்பரைப் பயன்படுத்தலாம். பிடிப்பில் பெரும்பங்கு அந்த மென்மையிலிருந்து வருகிறது. பேரை மட்டும் அகலம் தட்டிக்கொண்டு போகிறது.

ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வழிகளில். ஒன்று, மூலக்கூறு அளவில் ஒட்டுவது. மற்றது, ஜல்லியின் நுண்ணிய முனைகள் மேல் அமுங்கி, பிறகு தாமதமாக மீள்வது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் சூடாக மாறுகிறது, அதுவே வழுக்கலை எதிர்க்கிறது. 1963-இல் க்ரோஷ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இன்றும் வியப்பூட்டுவது: இந்த இரண்டு வழிகளுக்கும் வேர் ரப்பரின் அதே இழுபடும் தன்மைதான், வழுக்கும் வேகத்தைக் கூட்டுவதும் வெப்பத்தைக் குறைப்பதும் ரப்பருக்கு ஒரே மாதிரிதான். வேகமாகச் சீண்டினால் அது குளிர்ந்த ரப்பராக விறைக்கிறது. ஒரு டயருக்கு உகந்த வெப்பநிலை என்று ஒன்று இருப்பதும், பந்தயத்தில் டயரைப் போர்வை போர்த்திச் சூடாக்குவதும் இதனால்தான்.

அகலத்தைவிட ரப்பரே முக்கியம் என்பதற்கு டொயோட்டாவே சாட்சி. 2021-இல் வந்த அடுத்த தலைமுறை ஜிஆர் 86-இல் எஞ்சின் 2.4 லிட்டராக வளர்ந்தது, திறன் 235 ஆயிற்று. உயர் ரகத்தில் ரிம் 18 அங்குலம். டயர்? அகலம் அதே 215. மாறியது ரப்பர்: பிரைமசி போய் பைலட் ஸ்போர்ட் 4 வந்தது.

அகலத்துக்கு மழைக்காலத்தில் ஒரு தண்டனையும் உண்டு. தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை நாசாவின் வால்டர் ஹோர்ன் விமான டயர்களை வைத்து 1960-களில் கணக்கிட்டார். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் வேகம் ‘நாட்’ (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 35 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு 98 கி.மீ. அளவில் வருகிறது. கார் டயருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. டயரின் பட்டன் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் நீர் வெளியேற வழி இருக்கும். ஆனால் தொடும் பரப்பு அகன்று குட்டையாக இருந்தால் நீரைப் பக்கவாட்டில் தள்ள தூரம் அதிகம், நேரம் குறைவு. சீக்கிரம் மிதக்கும்.

பின்னால் மட்டும் அகல டயர் போடுகிற மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பார்க்கக் கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காரின் எடை முன்னால் 53, பின்னால் 47 சதவீதம்; நான்கு டயரும் ஒரே அளவு. பின்பிடிப்பை மட்டும் ஏற்றினால் வளைவில் முதலில் தோற்பது முன்சக்கரம். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். தாடா விலை கொடுத்து வாங்கிய குணத்தை இவர்கள் விலை கொடுத்துத் தொலைக்கிறார்கள்.

கடையில் அதிகம் பேசப்படாத எண் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பதன் அளவு அது. கம்பெனி வீல் 17 அங்குலம், 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48 மி.மீ. ஒருவர் 18 அங்குலத்தில், எட்டரை அங்குல அகலத்தில், ஆஃப்செட் 35 வாங்குகிறார் என்று வையுங்கள். ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்புக்குப் பழைய வீலில் 41 மி.மீ., புதியதில் 73. வெளியே 32 மி.மீ. துருத்தும். உள்பக்கத்திலும் 6 மி.மீ. நகர்ந்து ஷாக் அப்சார்பரை நெருங்கும். ஜப்பானில் கட்டாயப் பரிசோதனைக்குப் போகும் வண்டிக்கு இந்த 32 தலைவலி. டயரின் சுவர் மட்டும் மட்கார்டுக்கு வெளியே 10 மி.மீட்டருக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று 2017-இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். ரிம் வெளியே தெரியக் கூடாது.

தோற்றத்தைவிட ஸ்டீயரிங்குக்குத்தான் பாதிப்பு அதிகம். சக்கரம் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது டயரின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் விழும்படி வடிவமைத்திருப்பார்கள். ஆஃப்செட்டைக் குறைத்தால் அந்த நடுப்புள்ளி வெளியே போய்விடும். பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறும்; சாலையில் லாரிகள் போட்ட தடம் வண்டியை இழுக்கும். பியரிங்குக்கும் சுமை கூடும்.

எடை விஷயத்தில் ஒரு கட்டுக்கதை ஓடுகிறது: வீலில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்துக் கிலோ குறைத்த மாதிரி என்று. அதிகபட்சம் இரண்டு கிலோதான். ஒரு கிலோ முழுவதும் சக்கரத்தின் விளிம்பிலேயே இருந்தாலும், அதை முன்னே நகர்த்த ஒரு பங்கு ஆற்றல், சுழற்ற இன்னொரு பங்கு, முடிந்தது. ரிம்மில் இருக்கும் உலோகம் விளிம்புவரை எட்டுவதில்லை, ஆகவே இரண்டும் வராது. எடை குறைந்த வீலின் உண்மையான பலன் வேறு. ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் குறைந்தால் சக்கரம் மேடுபள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், தரையை விடாது. 1996-இல் ரேஸ் நிறுவனம் கொண்டுவந்த டிஇ37 வீலின் பெயரிலேயே எடை இருக்கிறது: 15 அங்குல வீல் 3.7 கிலோ. அச்சில் உருக்கி ஊற்றாமல் அழுத்தி அடித்துச் செய்வதால் மெல்லிய ஆரங்களே போதுமானதாகிவிடுகின்றன. விலை குறைவு என்று நகலை வாங்குகிறவர்கள் ஜேடபிள்யூஎல் முத்திரை நிஜமா என்று பார்க்க வேண்டும். அலாய் வீலுக்கான அந்த ஜப்பானியத் தரத்தில் வளைத்துச் சுழற்றும் சோதனையும், பளுவை மேலிருந்து விழவிட்டு இடிக்கும் சோதனையும் உண்டு. ஓடும்போது பள்ளத்தில் விழுந்து ஆரம் பிளந்தால் ஆபத்து.

சரி, என்னதான் போடுவது? கேட்டால் என் பதில்: 17 அங்குலத்திலேயே நில்லுங்கள். ரிம் ஏழரை அல்லது எட்டு அங்குல அகலம், ஆஃப்செட் 45-ஐ ஒட்டி, டயர் 225/45. குறுக்களவு 634.3, கூடுதல் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழ். எட்டு அங்குல ரிம்மில் வெளியே 16 மி.மீ., உள்ளே 10 மி.மீ. நகரும், இரண்டும் சமாளிக்கக்கூடியவை. சுவர் 100 மி.மீ. சொச்சம் இருப்பதால் பள்ளத்தின் அடியை ரிம் வாங்காமல் டயர் வாங்கிக்கொள்ளும். கையில் காசு குறைவென்றால் கம்பெனி ரிம்மையே வைத்துக்கொண்டு நல்ல ரப்பரில் 215/45 வாங்கினாலே வண்டி வேறாகிவிடும்.

மாட்டும்போது ஐந்து நட்டு, 100 மி.மீ. வட்டம் என்று பார்த்து வாங்கினால் மட்டும் போதாது. இந்தக் காரின் ஹப் 56.1 மி.மீ.; வெளி வீல்கள் பலவற்றில் நடுத்துளை 73.1. இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல் வேகத்தில் அதிரும். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, பின்சீட்டில் ஆளை ஏற்றி, ஒரு வேகத்தடையில் மெதுவாக இறக்கிவிட்டு, மட்கார்டின் உள்பக்கம் உரசல் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ஸ்பானரால் ஒருமுறை இறுக்க வேண்டும்; புது அலாய் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.