“எந்த ஊர் தம்பி?” - வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் ஏன் பேச வேண்டும்?

விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவர் பேசாமலே இருப்பது அபூர்வம். “எங்க போறீங்க?” என்று ஆரம்பித்தால், வண்டி வருவதற்குள் பேச்சு பையனின் படிப்பு, பெண்ணின் கல்யாணம் வரை போய்விடும். சேலம், கடலூர், திருச்சி, விழுப்புரம் என நான்கு பக்கமும் பாதை பிரியும் ஊர் இது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்நியரிடம் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், அதே பிள்ளை மேற்படிப்புக்கு வெளிநாடு போனதும் வாயை மூடிக்கொள்வது ஏன்? காதில் இயர்போன், கையில் போன், அறைக்கு வந்தால் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழு. “நம்ம இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியுமா? தொந்தரவுன்னு நினைச்சுட்டா?” என்ற தயக்கம்தான் காரணம். இந்தத் தயக்கத்தால் இழப்பது என்ன? இரண்டு பழைய கதைகளும் சில புதிய ஆய்வுகளும் பதில் சொல்கின்றன.

ரயிலைத் தவறவிட்டவர்

1913-ல் கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்து போனார் பி.சி.மஹலனோபிஸ். லண்டனில் படிப்பதுதான் திட்டம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தில் மயங்கி நின்றதில் ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பர் ஒருவரின் இடத்தில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே நண்பரின் நண்பரான கண்டெத் என்ற மாணவர், “இங்கேயே சேர முயன்று பாருங்களேன்” என்று யோசனை சொன்னார். மஹலனோபிஸ் அப்படியே சேர்ந்துவிட்டார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர் இவர்தான். இவருடைய பிறந்தநாளான ஜூன் 29 இன்று தேசியப் புள்ளியியல் நாள்.

கதை இத்துடன் முடியவில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்த கணித மேதை ராமானுஜனைச் சந்தித்தபோது, “ராத்திரி குளிர் தாங்க முடிகிறதா?” என்று மஹலனோபிஸ் சாதாரணமாக விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார் ராமானுஜன். படுக்கையறையில் போய்ப் பார்த்தால், கம்பளிகள் மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை உருவி உள்ளே படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை! மஹலனோபிஸ் செய்து காட்டினார்.

கணக்கில் உலகையே வியக்கவைத்தவருக்கும், புது நாட்டில் போர்வை என்ற சின்ன விஷயம் தெரியவில்லை. அவராக யாரிடமும் கேட்கவும் இல்லை. ஒருவர் அக்கறையாகக் கேட்ட ஒரு கேள்விதான் அந்தக் குளிரைத் தீர்த்தது.

பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு பயிற்சிக்காக லண்டன் போனார்.

அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையின் பொம்மைப் பிரிவில் நின்றபோது, விற்பனையாளர் ‘மெக்கானோ’ என்ற விளையாட்டுப் பொருளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அதே தகடுகள், அதே கம்பிகள், அதே நட்டு போல்ட்டுகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு பொம்மை.

ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. அப்போதைய டூயி முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே எண் குறித்து வைத்திருப்பார்கள். அப்படியில்லாமல், நூலின் பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்பச் சேர்த்தால் என்ன? சேர்க்கும் நட்டு போல்ட்டாக முக்காற்புள்ளி (:) வந்தது. 1933-ல் வெளியான ‘கோலன் பகுப்பு முறை’ பிறந்தது இப்படித்தான். வகுப்பறையில் கிடைக்காத யோசனை, பெயர் தெரியாத ஒரு விற்பனையாளரிடமிருந்து கிடைத்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

* சிகாகோ ரயில் பயணிகளில் ஒரு குழுவைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள். இன்னொரு குழுவைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களின் பயணம்தான் இனிமையாக இருந்தது. ஆனால் வேறு பயணிகளிடம் ‘எது நன்றாக இருக்கும்?’ என்று ஊகிக்கச் சொன்னபோது, நேர்மாறாகச் சொன்னார்கள். இந்த ஆய்வு வெளியானது 2014-ல். ‘யாரும் பேசமாட்டார்கள்’ என்று பெயரெடுத்த லண்டன் ரயில்களிலும் பின்னர் இதே முடிவுதான் கிடைத்தது.

* பேசி முடித்ததும், ‘அவருக்கு நம்மைப் பிடித்திருக்காது’ என்று நினைப்பது மனித இயல்பு. உண்மையில் நாம் நினைப்பதைவிட அவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்கிறது எரிகா பூத்பி குழுவின் 2018-ம் ஆண்டு ஆய்வு. ஒரே விடுதியில் தங்கும் மாணவர்களிடமும் இந்தத் தவறான எண்ணம் மாதக்கணக்கில் நீடித்தது.

* வேலை தேடும்போது நெருங்கிய நண்பர்களைவிட லேசாகப் பழகியவர்கள் அதிகம் உதவக்கூடும் என்று 1973-லேயே எழுதினார் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் பெரும்பாலும் தெரிந்திருக்கும். 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து 2022-ல் வெளியான ஆய்வும் பெரும்பாலும் இதை உறுதிசெய்தது.

‘சென்னை பக்கம்’ என்று சொல்லாதீர்கள்

வெளிநாட்டில் தவறாமல் வரும் கேள்வி, “எங்கிருந்து வர்றீங்க?” பலர் ‘இந்தியா’ அல்லது ‘சென்னை பக்கம்’ என்று முடித்துவிடுவார்கள். பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.

“எங்க ஊர்ல பீங்கான் செய்வாங்க” என்று விருத்தாசலத்துப் பிள்ளை சொல்லிப் பார்க்கலாம். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மைகள், இவற்றைச் செய்யும் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்வி நிலையம், பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கும் களிமண் என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

கேட்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஜெர்மனியில் மைசன், பிரான்ஸில் லிமோஜ், ஜப்பானில் அரிட்டா, சீனாவில் ஜிங்தேஜென் என்று உலகெங்கும் பீங்கான் ஊர்கள் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வட்டாரத்துக்கு ‘பாட்டரீஸ்’ என்றே பெயர். சாப்பிடும் தட்டைத் திருப்பி, அடியில் எந்த ஆலையின் முத்திரை என்று பார்ப்பது அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். பீங்கான் ஊர்ப் பிள்ளைக்கு அவர்களோடு பேசத் தனி அறிமுகம் தேவையா?

எப்படித் தொடங்குவது? எங்கே நிறுத்துவது?

சின்ன உதவி கேட்பது எளிய வழி. “இந்த பஸ் அங்கே போகுமா?”, “இந்தக் கடையில் என்ன நல்லா இருக்கும்?” போன்ற கேள்விகள் போதும். நம் ஊரில் கேட்பதுபோல் சம்பளம், கல்யாணம், வயது என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். பல நாடுகளில் அது அத்துமீறல். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலோ, இயர்போனை மாட்டிக்கொண்டாலோ, அவருக்குப் பேச விருப்பமில்லை என்று புரிந்துகொண்டு விட்டுவிடலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். பேச்சு பொது இடத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, தங்கும் அறை பற்றிய விவரங்களைப் பகிர வேண்டாம். பழகிய சில நாளில் பணம் கேட்டாலோ, ‘விசா வாங்கித் தர்றேன், வேலை வாங்கித் தர்றேன்’ என்றாலோ, உடனே விலகி, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

படிப்பு முடிந்தால் பட்டம் கையில் இருக்கும். ஆனால் போர்வையை எப்படி உருவுவது என்பதைப் பாடத்திட்டத்தில் யாரும் சேர்ப்பதில்லை. அதைப் பக்கத்து அறைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.