வீட்டிலிருந்தே புரொபசர்... மாதம் அறுபதாயிரம்!

"வாழ்த்துகள் ஸார்! நீங்கள் ஆன்லைன் பேராசிரியராகத் தேர்வாகியிருக்கிறீர்கள்!"

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு தகவல் வந்ததும் என் நண்பர் ஆபீஸ் கேன்டீனில் பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இன்டர்வியூ கிடையாது. 'எம்.காம். எந்த வருஷம் முடிச்சீங்க?' என்றுகூட ஒருத்தரும் கேட்கவில்லை. நேராக வேலை. மாதம் அறுபதாயிரம். அதுவும் லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்தபடி!

நண்பர் நங்கநல்லூர்வாசி. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவு. பதினோரு வருஷ சர்வீஸ். அவருக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. நாலு பசங்க தன்னை 'ஸார்'னு கூப்பிடணும். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆபீஸில் எல்லோரையும் 'ஸார்' 'ஸார்' என்று கூப்பிடுகிற ஆசாமிக்கு இப்படி ஒரு ஆசை வருவது நியாயம்தானே?

பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், ஆக மொத்தம் 2,950. பையனுக்கு சைக்கிள் வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார். இரண்டு நாள் கழித்து 'டிரெய்னிங் கிட்'டுக்கு இன்னொரு 6,000 கேட்டபோதுதான் பொறி தட்டியது. போன் போட்டார். ஸ்விட்ச்டு ஆஃப்!

"மோசடியிலயும் பாருய்யா... ஜி.எஸ்.டி.யைப் பைசா பிசகாம கணக்குப் போட்டிருக்கான்!" என்றார் அந்த சோகத்திலும். பிறவி அக்கவுண்டன்ட்!

நண்பர் செய்த தப்பு, ஆசைப்பட்டது இல்லை. ஆன்லைனில் கல்லூரிப் பாடம் நடத்தும் வேலை நிஜமாகவே இருக்கிறது. அதன் கதவு எங்கே, சாவி எது, உள்ளே போனால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாமல் ஆசைப்பட்டதுதான் தப்பு. நமக்காவது தெரிந்திருக்கட்டுமே!

யார் நடத்தலாம்?

நாலு கம்ப்யூட்டரும் ஒரு போர்டும் இருந்தால் ஆன்லைனில் டிகிரி கொடுத்துவிட முடியாது. யு.ஜி.சி. 2020-ல் இதற்கென்றே விதிமுறைகள் கொண்டுவந்தது. அதன்படி தகுதி பெற்ற பல்கலைக்கழகங்கள் மட்டுமே ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்தலாம். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்ற பட்டியலை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் போட்டுவைக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் ஐந்து நிமிஷம் செலவழித்து அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் படிப்புகளைப் பிரான்சைஸிக்கு விட அனுமதி கிடையாது. ஆகவே, 'நாங்க அந்த யுனிவர்சிட்டியோட பிரான்சைஸி ஸார்' என்று யாராவது ஆரம்பித்தால் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாவியின் பெயர் நெட்!

இன்டர்நெட் இல்லை ஸார். அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இது யு.ஜி.சி. நெட் தேர்வு. உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட், அல்லது மாநில அளவிலான செட் அடிப்படைத் தகுதி என்று 2023-ல் விதியைத் திருத்தினார்கள். ஆன்லைன் வகுப்பு என்பதற்காகத் தகுதியில் தள்ளுபடி எதிர்பார்க்க வேண்டாம்.

எம்.காம்.மில் 55 சதவிகிதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இரண்டு தாள், மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மார்க். தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பதில்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் இல்லை. தலையில் நரை விழுந்தாலும் எழுதலாம்!

உடனே துள்ளாதீர்கள். இரண்டு தாளையும் எழுதுகிற கூட்டத்தில் ஆறு சதவிகிதம் பேருக்குத்தான் தேர்ச்சி என்பது கணக்கு. இதில் பலரையும் கவிழ்ப்பது காமர்ஸ் தாள் இல்லை, முதல் தாள்தான். கற்பிக்கும் திறன், ஆராய்ச்சி முறை, தர்க்கம் என்று ஆபீஸ்வாசிகள் கண்ணிலேயே பார்க்காத சமாசாரமெல்லாம் அதில் வரும். நண்பர் தாம்பரம் லோக்கலில் நின்றுகொண்டே படித்தார். இரண்டு தடவை கோட்டை விட்டார். மூன்றாவது தடவை பாஸ்!

எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் கதவு, பல்கலைக்கழகங்களின் தொலைநிலை மற்றும் ஆன்லைன் கல்வி மையங்கள். 2020 விதிமுறைப்படி ஆன்லைன் படிப்புக்கு ஒருங்கிணைப்பாளர்கள் தவிர, 250 மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியரும் வேண்டும். மாணவர் கூட்டம் சேரச் சேர ஆள் தேவை. பேப்பரில் விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல், மையத்தின் இயக்குநருக்கே ஒரு பக்கக் கடிதமும் பயோடேட்டாவும் அனுப்புங்கள். 'எந்த வேலையானாலும் செய்யத் தயார்' என்று எழுதாதீர்கள். 'காஸ்ட் அக்கவுண்டிங்கும் ஜி.எஸ்.டி.யும் நடத்துவேன், சனி ஞாயிறு வர முடியும்' என்று எழுதுங்கள். எதிரில் இருப்பவருக்கு வேலை சுலபமாகும்.

இரண்டாவது, திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள். 1985-ல் தொடங்கிய இக்னோவுக்கு சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. 2002-ல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. இங்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்குப் பெயர் 'அகாடமிக் கவுன்சிலர்'. முழுநேர வேலை இல்லை, வகுப்புக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம். ஆனால் 'அனுபவம் இருக்கா?' என்று அடுத்த இடத்தில் கேட்கும்போது தலைகுனிய வேண்டியதில்லை.

மூன்றாவது, ஸ்வயம். 2017-ல் மத்திய அரசு ஆரம்பித்த இலவச ஆன்லைன் படிப்பு மேடை. இதில் முதலில் மாணவராகச் சேருங்கள். படிக்கக் காசில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். வீடியோ, படிக்கிற பாடம், கேள்வி பதில் அரங்கம், பயிற்சித் தேர்வு என்று நாலு கால் வைத்த மேஜை மாதிரி ஒரு ஆன்லைன் பாடத்தை எப்படி நிறுத்துகிறார்கள் என்பது மாணவராக உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

நெட் இல்லாத சீனியர்களுக்கும் ஒரு ஜன்னல் இருக்கிறது. 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று 2022-ல் யு.ஜி.சி. ஒரு ஏற்பாடு செய்தது. தொழிலில் பதினைந்து வருஷ அனுபவமும் நல்ல பெயரும் வேண்டும், படிப்புப் பட்டம் கட்டாயமில்லை. நேர் வகுப்புதான் பெரும்பாலும். ஆனாலும் பேங்க் அதிகாரிகள், ஆடிட்டர்கள் கவனிக்கலாம்.

'அமெரிக்க யுனிவர்சிட்டிக்கு இங்கேயிருந்தே பாடம் எடுக்கலாமாமே?' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆன்லைன் ஆசிரியர் விளம்பரம் நிறைய வரும். கீழே பொடி எழுத்தில் 'அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி வேண்டும், இன்ன மாநிலத்தில் வசிக்க வேண்டும்' என்றும் இருக்கும். பொடி எழுத்தை முதலில் படியுங்கள்.

கணக்குப் போடலாமா?

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யு.ஜி.சி. 2019-ல் வழிகாட்டியது. வழிகாட்டியது என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதையே எல்லோரும் தருகிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

நண்பருக்கு நிர்ணயித்தது வகுப்புக்கு 600. 'ஒரு மணி நேரத்துக்கு அறுநூறா! பரவாயில்லையே' என்றேன். "வாய்யா" என்று பேப்பரை எடுத்தார். பாடம் தயாரிக்க இரண்டு மணி நேரம். வகுப்பு ஒரு மணி. சந்தேகங்களுக்குப் பதில், அசைன்மென்ட் திருத்துவது எல்லாம் சேர்த்து இன்னொரு மணி. ஆக நாலு மணி நேரம். மணிக்கு 150 ரூபாய்!

அதனால் சேரும் முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். வினாத்தாள் தயாரிக்க, விடைத்தாள் திருத்தத் தனிப் பணம் உண்டா? ஒரு தடவை ரெக்கார்டு செய்த வீடியோவை அடுத்த வருஷமும் ஓட்டினால் எனக்கு என்ன? பணம் எந்தத் தேதியில் வரும்? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். நல்ல இடமாக இருந்தால் எழுத்திலேயே தருவார்கள்.

இருக்கிற வேலையும் முக்கியம் ஸார். அரசு ஊழியரென்றால் முன் அனுமதி வாங்காமல் கால் வைக்காதீர்கள். தனியார் என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு தடவை படியுங்கள். போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்த 300 பேரை வெளியே அனுப்பியதாக 2022-ல் விப்ரோ சொன்னது ஞாபகமிருக்கலாம். பாடம் நடத்துவது அந்த ரகம் இல்லைதான். இருந்தாலும் மேலதிகாரியிடம் எழுத்தில் ஒரு வார்த்தை வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. வேலை கொடுப்பவர் சம்பளம் கொடுப்பார், சம்பளம் கேட்க மாட்டார். அரசுப் பல்கலைக்கழகங்கள் முறையான அறிவிப்போடு விண்ணப்பக் கட்டணம் வாங்குவது வேறு. தனி நபரின் ஜிபே எண்ணுக்கு 'ரிஜிஸ்ட்ரேஷன்' கேட்பது வேறு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். நண்பர் வெட்கப்பட்டு ஒரு வாரம் உட்கார்ந்தார். பணம் போனது போனதுதான்.

குக்கர் கொடுத்த வேலை

கடைசியாக டெமோ. நண்பருக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். தலைப்பு: தேய்மானம். எதிரே மூன்று பேராசிரியர்கள். அதில் இரண்டு பேர் கேமராவை அணைத்துவிட்டு வெறும் கறுப்புக் கட்டமாக இருந்தார்கள்.

நண்பர் தன் ஸ்கூட்டரை உதாரணமாக எடுத்துக்கொண்டார். "80,000 ரூபாய் வண்டி, பத்து சதவிகிதத் தேய்மானம். நேர்க்கோட்டு முறையில் வருஷா வருஷம் 8,000. குறைந்துசெல் மதிப்பு முறையில் முதல் வருஷம் 8,000, இரண்டாம் வருஷம் 72,000-க்கு 7,200..."

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து 'உஸ்ஸ்ஸ்...' என்று மூன்று விசில்! நண்பருக்கு வியர்த்துவிட்டது. ஒரு விநாடி. பிறகு, "மன்னிக்கணும், அது எங்க வீட்டுக் குக்கர். அதுக்கும் தேய்மானம் உண்டு. சத்தம் மட்டும் குறையலை" என்றார்.

இரண்டு கறுப்புக் கட்டங்களும் கேமராவைப் போட்டுச் சிரித்தன. வேலை கிடைத்துவிட்டது!

முதல் மாதம் எட்டு வகுப்பு, 4,800 ரூபாய். அதில் மோசடி ஆசாமிக்குக் கொடுத்த 2,950-ஐ நஷ்டமாக எழுதிக் கழித்தார். மிச்சம் 1,850. அத்தோடு கையிலிருந்ததைப் போட்டுப் பையனுக்கு சைக்கிள் வாங்கிவிட்டார்.

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. "இந்நேரத்துக்கு யாருய்யா?" என்றேன். யாரோ மாணவன், பேலன்ஸ் ஷீட் ஒத்துப்போகவில்லையாம். நண்பர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஸார்... ஒரு டவுட் ஸார்..."

அந்தப் போனுக்கு அவருக்கு யாரும் தனியாகப் பணம் தரப்போவதில்லை. நாற்பது நிமிஷம் பேசினார்.