சிறுபான்மைச் சுவையும் ஒலிபரப்பு நேரமும்

யமுனையின் கீழ்க்கரையில் அமைந்த மயூர் விஹாரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கூடத்தில் பெரியவர் மதுரை மணி ஐயரின் பாட்டைக் கேட்டிருக்க, அடுத்த அறையில் பேரன் மின்கிதாரின் முழக்கத்தில் ஆழ்ந்திருக்கும் காட்சி அத்தகைய இல்லங்களுக்குப் புதிதன்று. "இது இசையா, இரைச்சலா?" என வினவும் பெரியோர், அவ்விசையின் வரலாற்றுக்கும் வெளிமாநிலத் தமிழராகிய நம் அனுபவத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டென அறிந்தால் வியப்புறக்கூடும். அதனை விளக்குவதே நம் நோக்கம்.

"ஹெவி மெட்டல்" எனப்படும் இவ்விசை, இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்ஹாமில் உருப்பெற்றது. அந்நகரின் பிளாக் சபாத் குழு 1970-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அக்குழுவின் கிதார்க் கலைஞர் டோனி அயோமி, இளமையில் உலோகத் தகட்டு ஆலையொன்றில் வேலை செய்தபோது இரு விரல்நுனிகளை இழந்தவர். விரல்களுக்கு உறையிட்டுக்கொண்டு, தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். அவ்விசையின் கனத்த ஒலிக்கு அத்தளர்ச்சியும் ஒரு காரணமாயிற்று.

1987-இல் அமெரிக்காவின் எம்.டி.வி. தொலைக்காட்சி, இவ்விசைக்கென்றே "ஹெட்பேங்கர்ஸ் பால்" என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதற்கு வாய்த்தது சனிக்கிழமை நள்ளிரவு. ஆயினும் இளைஞர் விழித்திருந்து கண்டனர். விரித்த கேசமும் பளபளக்கும் உடையும் கொண்ட குழுக்கள் அந்நாளில் விற்பனையில் சிறந்து விளங்கின.

1991-இல் காற்று திசைமாறியது. நிர்வாணா குழுவின் "நெவர்மைண்ட்" இசைத்தட்டு செப்டம்பரில் வெளிவந்து, 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஒப்பனையை விடுத்துப் பழஞ்சட்டையுடன் மனவேதனையைப் பாடும் சியாட்டில் பாணி பரவியது. நிகழ்ச்சியும் புதியவர்களுக்கு இடமளித்துப் பார்த்தது. எனினும் 1995-இல் அது நிறுத்தப்பட்டது.

கேட்பாரற்றுப் போனமையால் அது நின்றதோ எனில், அவ்வாறு சொல்வதற்கில்லை. 1994-இல் பாண்டெரா என்னும் மெட்டல் குழுவின் இசைத்தட்டு, வெளிவந்த வாரமே அதே பட்டியலில் முதலிடம் பெற்றது. சுவைஞர் இருந்தனர், நிலையத்தின் நாட்டமே வேறு பக்கம் சென்றுவிட்டது.

நம் நாட்டிலும் இதனையொத்த மாற்றம் நிகழ்ந்தது. 1991-இல் ஸ்டார் தொலைக்காட்சி வழியாக எம்.டி.வி. இந்திய இல்லங்களுக்கு வந்தது. மேனாட்டு ராக் இசையும் உடன் வந்தது. 1994-இல் இரு நிறுவனங்களும் பிரிந்தன. ஸ்டார் தொடங்கிய சேனல் வி, இந்தித் திரைப்பாடலுக்குப் பேரிடம் அளித்தது. 1996-இல் மீண்டு வந்த எம்.டி.வி.யும் பின்னர் அவ்வழியே சென்றது. பெருந்திரளை நாடும் நிலையத்துக்கு அது இயல்பேயாம். ராக் சுவைஞரோ சோர்ந்துவிடவில்லை. 1993-இல் அலகாபாத்தில் தோன்றிய "ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்" இதழும், 1997-இல் தொடங்கிய "கிரேட் இந்தியன் ராக்" விழாவும் அவர்களை ஒன்றுசேர்த்தன.

இனி நம் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் பல மொழிப் படங்களை முறைவைத்துக் காட்டியபோது, தமிழின் முறைக்காக நாம் வாரக்கணக்கில் காத்திருந்தோமன்றோ? 1993-இல் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னரே அக்குறை நீங்கலாயிற்று. பிறர் அளந்து தரும் நேரம், அவர்தம் கணக்கு மாறுங்கால் நம் கைவிட்டுப் போகக்கூடும். 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் போன்று நாமே பேணும் அமைப்புக்களோ, நம் ஆர்வம் உள்ளளவும் நிலைக்கும்.

ஆதலின், அடுத்த அறையின் முழக்கத்தைக் கேட்கும் பெரியோர் கதவைச் சாத்துமுன், அது யாருடைய இசையெனப் பேரனை ஒருமுறை வினவலாம். தன் இசைக்கு இடம் தேடும் அவனது ஏக்கம் அவர்கள் அறியாததன்று.