எயிற்றின் மேல் நின்ற பூமி

கோவளத்தைக் கடந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்பின் ஓசையும் கடலின் ஓசையும் இன்னது இன்னதெனப் பிரித்தறிய முடியாதபடி கலந்து கேட்கும் இடத்தில், நித்தியகல்யாணப் பெருமாள் பிராட்டியைத் தம் இடப்பாகத்தே ஏந்தி நிற்கும் திருவிடந்தை க்ஷேத்திரம் இருக்கிறது. திருமங்கையாழ்வாரின் மங்களாசாஸனம் பெற்ற அந்தத் தலத்துக்கு, விவாகம் கைகூட வேண்டுமென்று விரும்பும் இளைஞரும் கன்னியரும் நாள்தோறும் வந்து, மாலை சாற்றி, அம்மாலையையே பிரசாதமாகப் பெற்றுக் கழுத்தில் அணிந்து, பிராகாரத்தை ஒன்பது முறை வலம் வருகிறார்கள்.

அந்த மாலைகளைக் கட்டி விற்போரில் அறுபது வயதைக் கடந்த அம்மாள் ஒருவரைக் கண்டேன். முடிச்சு விழுந்ததும் நாரைப் பல்லால் கடித்துத் துண்டிப்பது பூக்காரர்களின் வழக்கமாயிருக்க, இவர் மட்டும் ஒவ்வொரு முடிச்சுக்கும் பூக்கூடைக்குள் கைவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடி எடுத்ததால் காரணம் கேட்டேன். முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன என்றும், பல் துலக்கினால் இரத்தம் வருகிறது என்றும், முறுக்கையும் வேர்க்கடலையையும் விட்டு வருஷங்களாயின என்றும், சாம்பாரில் ஊறிய இட்லிதான் தொண்டையில் இறங்குகிறது என்றும் சொன்னார். சர்க்கரை வியாதி வந்து பத்து வருஷமாம். "மாசா மாசம் ரத்தம் எடுக்குறாங்க, காலைப் பார்க்குறாங்க ஐயா. வாயைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, நானும் காட்டினதில்லை" என்றார்.

கடலில் அமிழ்ந்த பூமியை வராக மூர்த்தி தம் எயிற்றின் மேல் ஏந்தி மேலே கொணர்ந்தார் என்பது புராணம். திருவிடந்தைப் பெருமாளும் அந்த வராக மூர்த்தியே. அவர் சந்நிதி வாசலில் அமர்ந்திருந்த அந்த அம்மாளின் சொல்லைக் கேட்டபோது, நம் சரீரமென்னும் பூமியும் ஓரளவுக்குப் பல்லின் மேல்தான் நிற்கிறது என்ற எண்ணம் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

வாய்க்குள் ஒரு குடியிருப்பு

1683ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து லீவன்ஹூக், தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்மையான அழுக்கைச் சுரண்டி, தாமே செய்த பூதக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கி, அதிலே எண்ணிறந்த சிற்றுயிர்கள் நெளிவதைக் கண்டு எழுதிவைத்தார். மனித வாயில் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் 700 வகைக்கு மேற்பட்டவை என்று இன்றைய சாஸ்திரம் கூறுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. நாம் துலக்காமல் விடும் இடத்தில் அவை கூட்டமாகப் படிந்து தங்கிவிடும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

அப்படிவம் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்கி, தேகத்திலேயே மிகக் கடினமான பொருளாகிய பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. அதையே சொத்தை என்கிறோம். ஈற்றின் ஓரத்தில் தங்கிய படிவமோ, உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இறுகிக் காறையாகி, ஈற்றை வீங்கச் செய்து, இரத்தம் கசிய வைத்து, நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிடுகிறது. பல் ஆடுவது பெரும்பாலும் வயதின் தோஷமன்று. அடியிலிருந்த மண் கரைந்துபோன மரம் ஆடுவது போன்றது அது. நோய் முற்றியவருக்கு ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் மறைந்திருக்கும் புண்ணையெல்லாம் ஒன்றாக விரித்துப் பார்த்தால் உள்ளங்கையளவுகூட வரக்கூடும். உள்ளங்காலில் அவ்வளவு பெரிய புண்ணோடு யாரேனும் மாதக்கணக்காகச் சும்மா இருப்பார்களா?

இரத்தத்தோடு செல்லும் கிருமி

அந்தப் புண்ணின் வழியாகக் கிருமிகள் மெல்லும்போதும் துலக்கும்போதும் இரத்தத்தில் கலக்கின்றன. ஆரோக்கியமுள்ளவர் சரீரம் அவற்றைச் சில நிமிஷங்களில் அழித்துவிடும். ஆயினும் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், பிறவியிலேயே சிலவகை இருதயக் குறைபாடு உள்ளவர்கள், சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றவர்கள் ஆகியோருக்கு அக்கிருமிகள் இருதயத்தின் உட்சவ்வில் தங்கி, உயிருக்கே அபாயமான அழற்சியை உண்டாக்கக்கூடும். இத்தகையோர் பல் பிடுங்குவதற்கு முன் தம் இருதய நோயைப் பல் வைத்தியரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

மாரடைப்பும் பக்கவாதமும் ஈறுநோய் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன என்பது பல ஆராய்ச்சிகளில் தெரியவந்த உண்மை. ஆனால் ஈறுநோயே அவற்றுக்குக் காரணம் என்று முடிவாக நிரூபணமாகவில்லை. இந்த நிதானம் அவசியம். 1900இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹண்டர் என்ற வைத்தியர், வாயின் சீழே பல ரோகங்களுக்கு மூலம் என்று எழுதிய பிறகு, அவர் சொன்னதற்கும் அப்பால் சென்று, மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களையெல்லாம் பிடுங்கியெறிந்த ஒரு காலம் மேல்நாடுகளில் இருந்தது. பல்லைக் காப்பாற்றுவதே வைத்தியம் என்பது அந்த அனுபவம் தந்த பாடம்.

படுக்கையில் கிடக்கும் முதியோர் விஷயம் இன்னும் தெளிவானது. துலக்கப்படாத வாயின் எச்சில் சுவாசக் குழாயில் இறங்கினால் நிமோனியா காண்கிறது. பாட்டிக்குப் பாலூட்டும் கை, இரவில் ஈரத்துணியால் அவர் வாயையும் துடைத்து, பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைக்குமானால், அது எந்த மருந்துக்கும் குறைந்த சேவையன்று.

சர்க்கரையும் ஈறும்

சர்க்கரை வியாதிக்கும் ஈறுநோய்க்கும் உள்ள சம்பந்தம் இருவழிப் பாதை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் சக்தி குன்றி ஈறு கெடுகிறது. கெட்ட ஈற்றின் அழற்சியோ இன்சுலினின் வேலைக்குத் தடையாகி, சர்க்கரையை இறங்கவிடாமல் பிடித்துவைக்கிறது. ஈறுகளைச் சுத்தம் செய்து சிகிச்சை அளித்தால், மூன்று நான்கு மாதங்களில், சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி குறைகிறது என்பதைப் பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து வைத்திய நிபுணர்கள் உறுதி செய்திருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் ஏழைகளின் வாசற்படிக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் சகோதரி, "ஈற்றில் இரத்தம் வருதாம்மா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் எத்தனையோ பேருடைய பற்கள் பிழைக்கும்.

மணமாலைக்குப் பின்

திருவிடந்தையில் மாலை அணிந்து சென்ற பெண், மணமானபின் கணவனோடு மீண்டும் வந்து பெருமாளைச் சேவிப்பது மரபு. அவள் கருவுற்றிருக்கும்போது, சுரப்பு நீர்களின் மாறுதலால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். மசக்கையில் வாந்தி எடுத்த உடனே பல் துலக்கினால், அமிலத்தில் ஊறிய மேற்பூச்சு தேயும். முதலில் நீரால் வாய் கொப்பளித்து, அரைமணி கழித்துத் துலக்குவதே நலம். கர்ப்ப காலத்தில் பல் வைத்தியரிடம் போகக் கூடாது என்னும் நம்பிக்கை தவறானது. கர்ப்பிணி என்பதைச் சொல்லி, தேவையான சிகிச்சையைத் தாராளமாகப் பெறலாம்.

பல் சொன்ன சாட்சியம்

வாய் சரீரத்தைப் பாதிப்பது போலவே, சரீரத்தில் நேர்ந்த தீங்கை முதலில் எடுத்துரைப்பதும் வாயே. பழைய மதராஸ் ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், பற்களில் கறை படிந்தவர்களாக வளர்ந்த ஜனங்கள், வயதேற ஏற முதுகெலும்பு விறைத்து நிமிரவும் குனியவும் இயலாமற் போவதை ஆராய்ந்த ஷார்ட் முதலிய வைத்தியர்கள், கிணற்று நீரில் அளவுக்கு மிஞ்சியிருந்த ஃப்ளோரைடே அதற்குக் காரணம் என்று 1937இல் வெளியிட்டார்கள். குழந்தையின் பல்லில் தெரிந்த கறை, பல வருஷங்களுக்குப் பின் எலும்பில் வரவிருந்த கேட்டின் முன்னறிவிப்பாக இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இதே துன்பத்தைப் போக்கவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுசெல்லும் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது.

சுருக்குப்பையில் இருக்கும் ஆபத்து

நம் கடற்கரைக் குப்பங்களில், விடியுமுன் கட்டுமரத்திலும் படகிலும் செல்வோர் தூக்கத்தையும் பசியையும் வெல்வதற்காகப் புகையிலையையும், பாக்கோடு புகையிலை கலந்த மாவாவையும் கன்னத்தில் அடக்குகிறார்கள். வீட்டிலிருக்கும் மூதாட்டியின் சுருக்குப்பையிலோ வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கு மட்டும் போட்டால் தோஷமில்லை என்று பலர் கருதுகிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்தது. பாக்கு, கன்னத்தின் உட்சதையை நார்போல் இறுக்கி, வாயைத் திறக்கவொட்டாமல் செய்கிறது. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாதவர், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டுக் கண்டவர், இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணுள்ளவர் ஆகியோர் வலிக்காகக் காத்திருக்கலாகாது. ஆரம்பத்தில் வாய்ப் புற்றுநோய்க்கு வலியே இராது.

குட்கா விற்பனையைத் தமிழக அரசு 2013இல் தடை செய்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையம் இன்றும் சேவை புரிகிறது. ஆயினும் தடைச் சட்டமும் ஆஸ்பத்திரியும் செய்ய இயலாததைக் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்க்கும் ஒரு நிமிஷம் செய்துவிடும்.

செய்யத் தக்கவை

காலையில் ஒருமுறை துலக்குவது போதாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்து கிருமிகளுக்கு வசதி ஏற்படுவதால், இரவுத் துலக்கலே முக்கியமானது. மென்மையான தூரிகையும் ஃப்ளோரைடு உள்ள பற்பசையும் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் பசை வைத்து, விழுங்காதபடி பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். அடுப்புக் கரியும் செங்கல் தூளும் பல்லை வெளுக்கச் செய்வதுபோல் காட்டி மேற்பூச்சைத் தேய்த்துவிடும். கிராம்பு வலியைத் தணிக்கும், சொத்தையைக் குணப்படுத்தாது.

காறையை எடுத்தால் பல் ஆடும் என்பதும், மேல்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்பதும் ஆதாரமற்ற அச்சங்கள். காறை பிடித்திருந்தவரை ஆட்டம் தெரியாமலிருந்தது. எடுத்தபின் உண்மை தெரிகிறது, அவ்வளவே. வருஷத்துக்கு ஒருமுறையேனும் வாயைப் பரிசோதிக்கச் செய்வதும், சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் அடிக்கடி செய்வதும் நலம். செங்கற்பட்டு ஜில்லாவில் கேளம்பாக்கம், காட்டாங்குளத்தூர் முதலிய இடங்களில் பல் வைத்தியக் கல்லூரிகள் இருப்பதால், இக்கடற்கரை வாசிகளுக்குச் சிகிச்சை தூரமில்லை. பல்வலியோடு காய்ச்சல் வந்து, தாடையோ கழுத்தோ வீங்கி, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமம் தோன்றினால் மட்டும் ஒரு கணமும் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மீண்டும் சந்நிதி வாசலில்

நான் வற்புறுத்தியதன்பேரில் அந்தப் பூக்கார அம்மாள் பல் வைத்தியரிடம் சென்றார். சில மாதங்கள் கழித்துத் திருவிடந்தைக்குப் போனபோது, ஆடிய இரண்டு பற்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதைச் சிரித்த வாயே தெரிவித்தது. ஆனால் இரத்தம் நின்றுவிட்டதாம். மற்றப் பற்கள் உறுதியாக நிற்கின்றனவாம். மாத்திரையோடு இதுவும் சேர்ந்ததால்தானோ என்னவோ, சர்க்கரையும் சற்று இறங்கியிருக்கிறதாம்.

பக்கத்தில் அமர்ந்து சரம் தொடுத்துக்கொண்டிருந்த பேத்தி, முடிச்சை இறுக்கியதும் நாரைப் பல்லருகே கொண்டுபோனாள். கிழவி அவள் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"பல்லால கடிக்காதே கண்ணு. அது ஆயுசுக்கும் வேணும்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை அவளிடம் நீட்டினார்.