ஸ்கூட்டர் ஹெட்லைட் மங்குதா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க!

பெரம்பலூர் நகரில் ரயில் நிலையம் கிடையாது. ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால், பலரும் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரியலூருக்குத்தான் போகிறார்கள். ஊர் எல்லை தாண்டினால் தெருவிளக்கு குறைந்துவிடும். எதிரே சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் வரும். அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரின் ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி மங்கினால்?

பலரும் முதலில் செய்வது, கடைக்குப் போய் 'பவர் அதிகமான' பல்ப் ஒன்றை வாங்கி மாட்டுவது. கோளாறு பல்பில் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், அந்தப் பெரிய பல்ப் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடும்.

எவ்வளவு ஆபத்து?

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் ஸ்கூட்டர் நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. பள்ளத்தைப் பார்த்து, சுதாரித்து, பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 17 மீட்டர் போயிருக்கும். காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 12 மீட்டராவது வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 30 மீட்டர். வெளிச்சம் 20 மீட்டர் வரைக்கும்தான் விழுகிறது என்றால், பள்ளம் கண்ணில் படும்போதே லேட்!

வெளிச்சம் எங்கிருந்து வருது?

இன்ஜின் ஓடும்போது அதோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றும். அதன் உள்ளே இருக்கும் காயிலில் மின்சாரம் உருவாகும். அதை அளவாக்கி பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர். மெக்கானிக்குகள் 'ஆர்ஆர் யூனிட்' என்று சொல்வது இதைத்தான்.

பல்ப் வைத்த பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் வராது. காயிலிலிருந்து நேராக வரும். அதனால் வண்டி ஐடிலில் நிற்கும்போது கொஞ்சம் மங்குவதும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்று எரிவதும் அந்த வண்டிகளுக்கு இயல்பு. எல்இடி ஹெட்லைட் உள்ள புது வண்டியில் இப்படி ஆனால், அது கவனிக்க வேண்டிய கோளாறு.

இன்னொரு விஷயம்: 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அதாவது பட்டப்பகலிலும் பல்ப், ஹோல்டர், வயர் எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

அறிகுறி சொல்லும் கோளாறு

• ஹாரன் அடித்தால், இண்டிகேட்டர் போட்டால் லைட்டும் சேர்ந்து துடிக்குதா? பேட்டரி பலவீனமாக இருக்கலாம் அல்லது எர்த் இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம்.

• பள்ளத்தில் ஏறி இறங்கினால் மட்டும் மங்குதா? எங்கோ லூஸ் கனெக்‌ஷன். பல்ப் ஹோல்டர், கப்ளர், பேட்டரி டெர்மினல் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

• எவ்வளவு முறுக்கினாலும் மங்கலாவே இருக்கா? பல்பின் கண்ணாடி கறுத்திருக்கலாம். டூமுக்குள் தூசி படிந்திருக்கலாம். உள்ளே இருக்கும் பளபளப்பான பூச்சு போயிருக்கலாம். இவை சரியாக இருந்தால் வயரிங், காயில் பக்கம் பார்க்க வேண்டும்.

• பல்ப் அடிக்கடி ஃபியூஸ் போகுதா? ஆர்ஆர் யூனிட் மீதுதான் முதல் சந்தேகம். வோல்டேஜைக் கட்டுப்படுத்தத் தவறினால் பல்ப் தாங்காது.

செலவே இல்லாத முதல் சோதனை

லாரிகள் கிளப்பும் புழுதியில் தினமும் ஓடும் வண்டி என்றால், ஹெட்லைட் கண்ணாடியை ஈரத் துணியால் துடைப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். அடுத்து, இன்ஜினை அணைத்து சாவியை எடுத்துவிட்டு பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் இறங்கி கப்ளர்களும் இப்படிப் பூத்துப்போகும்.

சின்ன துரு என்று விட்டுவிட முடியாது. சாதாரண இழை பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் 5 நிமிஷ வேலை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை டிசி வோல்ட் அளவில் வைத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் தொடுங்கள்.

• வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் இறங்கிவிட்டது.

• வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து நிதானமாக முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது.

• முறுக்கியும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் காயில், ஆர்ஆர் யூனிட், இடையிலுள்ள வயர் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு.

• 15-ஐத் தாண்டினால் வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். பல்பு, பேட்டரி இரண்டுமே கெட்டுவிடும்.

பெரிய பல்ப் ஏன் வேண்டாம்?

பல்ப் வைத்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் கம்பெனி கொடுப்பது 35 வாட். அது இழுக்கும் கரண்ட் சுமார் 3 ஆம்பியர். 60 வாட் பல்ப் மாட்டினால் 5 ஆம்பியர். கரண்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றலாம். ஆனால் வயரில் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட 3 மடங்காகிவிடும். ஹோல்டர் உருகலாம், சுவிட்ச் கருகலாம். அவ்வளவு மின்சாரம் கொடுக்க காயிலால் முடியாவிட்டால், பழைய பல்பைவிட மங்கலாகவே எரியும்.

அதேபோல் ஃபியூஸ் போனால் காப்பர் கம்பியைச் சுற்றி 'அட்ஜஸ்ட்' செய்ய வேண்டாம். ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குப் பதில் வயரிங்கே எரியும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

"லைட் மங்குதுண்ணே" என்று மட்டும் சொன்னால், புது பேட்டரியில் போய் முடிய வாய்ப்பு உண்டு. "ஹாரன் அடிச்சா மங்குது, முறுக்கினாலும் 12.5-லயே நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள், நேராக சார்ஜிங் பக்கம் போய்விடுவார். பேட்டரியை மாற்றச் சொன்னால், "சார்ஜிங் வோல்டேஜ் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். சார்ஜே ஏறாத வண்டியில் புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே இறங்கிவிடும்; பணம்தான் வீண்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 ஸ்கூட்டர்கள் பலவற்றில் பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேட்டரி முழுசாக இறங்கினால் கிக்கரை எத்தனை தடவை மிதித்தாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். அந்த வண்டிகளில் லைட் மங்குவதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஹெட்லைட்டைப் பார்ப்பவர்கள் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கை மறந்துவிடுகிறார்கள். பின்னால் வரும் லாரி டிரைவருக்கு உங்களைக் காட்டுவது அதுதான். கிளம்புவதற்கு முன் ஏதாவது ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பாருங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் கூடினால் பிரேக் லைட் ஓகே!