ஜான் சீனாவின் முதல் போட்டி: தோற்றவரை ஏன் எல்லாரும் பாராட்டினாங்க?

17 முறை உலக சாம்பியன் ஆன ஜான் சீனா, 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் தன் கடைசிப் போட்டியை ஆடினார். குந்தரின் பிடியிலிருந்து மீள முடியாமல் தோல்வியை ஒப்புக்கொண்டு விடைபெற்றார். டபிள்யூடபிள்யூஇ தொலைக்காட்சியில் அவருடைய பயணம் ஆரம்பித்ததும் ஒரு தோல்வியில்தான். 2002 ஜூன் 27 அன்று ஒளிபரப்பான அந்தச் சில நிமிடப் போட்டியை ரசிகர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். அப்படி அதில் என்ன இருந்தது?

புதுமுகம் ஏன் தேவைப்பட்டது?

2002-ல் நிறுவனம் ஒரு இக்கட்டில் இருந்தது. மே மாதம்தான் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பழைய பெயர் டபிள்யூடபிள்யூஇ என மாறியிருந்தது. பெரிய நட்சத்திரமான ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் ஜூன் மாதம் பாதியில் கிளம்பிப் போய்விட்டார். தி ராக் ஹாலிவுட் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

ஜூன் 24 அன்று ‘ரா’ நிகழ்ச்சியில் உரிமையாளர் வின்ஸ் மக்மஹோன் வீரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். முன்னுக்கு வர நினைப்பவர்களிடம் இரக்கமில்லாத வெறி வேண்டும் என்பதுதான் பேச்சின் சாரம். அவர் பயன்படுத்திய சொல், ‘ரூத்லெஸ் அக்ரஷன்’. மூன்றே நாளில் அந்தச் சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்தது.

மேடையில் என்ன நடந்தது?

சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டில் படமாக்கப்பட்ட ‘ஸ்மாக்டவுன்’ நிகழ்ச்சி அது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள், தன்னோடு இதுவரை மோதாத யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சவால் விட்டார். வெளியே வந்தது, யாருக்கும் தெரியாத 25 வயதுப் பையன். ஒட்ட வெட்டிய முடி, சாதாரண ட்ரங்க்ஸ், பூட்ஸ். பின்னாளில் நாம் பார்த்த தொப்பியும் இல்லை, ஜீன்ஸ் ஷார்ட்ஸும் இல்லை.

‘நீ யாருப்பா?’ என்கிற மாதிரி ஆங்கிள் கேட்க, பெயரைச் சொன்னார். ‘என்னோட மோத உன்கிட்ட அப்படி என்ன இருக்கு?’ என்ற தோரணையில் அடுத்த கேள்வி. ‘ரூத்லெஸ் அக்ரஷன்’ என்று கத்திவிட்டு ஆங்கிள் கன்னத்தில் பளார் என்று ஒரு அறை விட்டார் சீனா.

மணி அடித்ததும் புதுப்பையன் ஒலிம்பிக் வீரருக்கு ஈடுகொடுத்தார். இரண்டு மூன்று தடவை ஆங்கிள் தோற்றேவிடுவார் போலத் தெரிந்தது. கடைசியில் அனுபவம் ஜெயித்தது. ஆங்கிள் அவரை மடக்கி மூன்று எண்ணிக்கை வாங்கிவிட்டார். மேடைக்குப் பின்னால், அப்போதைய சாம்பியன் அண்டர்டேக்கர் வந்து சீனாவின் கையைக் குலுக்கினார். அதையும் கேமரா காட்டியது.

முடிவு முன்பே தெரியும்னா, தோல்வியில் என்ன இருக்கு?

ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். அதனால் ஒரு வீரரை ரசிகர்களிடம் கொண்டுசேர்ப்பது வெற்றி மட்டும் இல்லை. யாரிடம் தோற்றார், தோற்பதற்கு முன் எதிராளியை எவ்வளவு திணறடித்தார் என்பதும் கணக்கில் வரும்.

முதல் நாளே ஆங்கிளை ஜெயிக்க விட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆங்கிளின் மதிப்பும் இறங்கியிருக்கும். ஒரு நிமிடத்தில் தோற்கவிட்டிருந்தால் பையனை அடுத்த வாரமே மறந்திருப்பார்கள். ‘தோத்தாலும் பையன்கிட்ட சரக்கு இருக்கு’ என்று பார்க்கிறவர் நினைக்க வேண்டும். அதற்கு மூத்தவர் ஒத்துழைக்க வேண்டும். சீனாவின் ஒவ்வொரு அடிக்கும் ஆங்கிள் தடுமாறி விழுந்ததில்தான் அந்தப் போட்டியின் பாதி வேலை நடந்தது. மீதியை அண்டர்டேக்கரின் கைகுலுக்கல் முடித்துவைத்தது.

அப்புறம் ஏன் வேலை போகும் நிலை வந்தது?

கதை இங்கேதான் திரும்புகிறது. இவ்வளவு நல்ல அறிமுகம் கிடைத்தும் சீனா எடுபடவில்லை. உடம்பு இருந்தது, உழைப்பு இருந்தது. ரசிகர் பிடித்துக்கொள்ள ஒரு அடையாளம் இல்லை. ஓஹையோ வேலி ரெஸ்லிங் என்ற அதே பயிற்சிக் களத்திலிருந்து வந்த, அதே வயதுக்காரரான பிராக் லெஸ்னர், ஆகஸ்ட் 25 அன்று தி ராக்கை வீழ்த்தி சாம்பியனே ஆகிவிட்டார். சீனாவோ வேலையிலிருந்து தூக்கப்படுவோர் பட்டியலுக்கு அருகில் இருந்தார். இதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் ஒன்றில், பஸ்ஸில் சக வீரர்கள் பொழுதுபோக்காக ராப் பாடிக்கொண்டிருந்தார்கள். சீனாவும் சேர்ந்துகொண்டு, அங்கேயே வரிகளைக் கட்டிப் பாடினார். அதைக் கேட்டவர், வின்ஸின் மகள் ஸ்டெபனி மக்மஹோன். இதை டிவியில் செய்ய முடியுமா என்று கேட்டார். அக்டோபர் 31 ஹாலோவீன் நிகழ்ச்சியில், ராப் பாடகர் வெனிலா ஐஸ் வேடத்தில் வந்து பாடினார் சீனா. எதிராளியை வரிக்கு வரி கலாய்க்கும் அந்த ராப்பர் வேடம் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2005 ஏப்ரலில் ரெஸில்மேனியா 21-ல் ஜேபிஎல்லை வீழ்த்தி முதல் உலகப் பட்டத்தை வாங்கினார்.

அப்போ அந்த முதல் போட்டி வீணா?

இல்லை. ‘இவனால் பெரிய ஆட்களோடு நிற்க முடியும்’ என்பதை அந்த இரவு காட்டியது. ‘இவன் யார்’ என்ற ஆங்கிளின் முதல் கேள்விக்கு மட்டும் அன்று பெயரைத் தாண்டிப் பதில் இல்லை. அந்தப் பதிலுக்கு இன்னும் நாலு மாசம் ஆனது. அதுவும் யாரும் எழுதித் தராத ஒரு பஸ் பயணத்தில் கிடைத்தது.