இட்டேரியின் குளிர்காலக் குடிகள்

கொங்கு நாட்டில், தோட்டங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே, வண்டியும் மாடும் செல்வதற்கென இருபுறமும் உயிர்வேலியுடன் விடப்பட்ட மண்பாதை இட்டேரி எனப்படுகிறது. வலசைப் பறவைகளைக் காண வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோதான் செல்ல வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், நீர்நிலையைச் சாராத சிறு பறவைகளின் குளிர்கால வாழ்வை அறிய விரும்புவோர்க்குக் காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து இட்டேரி ஒன்றில் மார்கழிக் காலையில் மெதுவாக நடப்பதே ஏற்ற வழியாகும்.

இவ்வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி, முள்ளுடைய கிளுவையின் போத்துகளை நெருக்கமாக ஊன்றி வேலியாக வளர்ப்பது வழக்கம்; அதில் கோவையும் பிரண்டையும் படர்ந்து, வேலி நாளடைவில் புதராகச் செறிந்துவிடும். வட ஆசியாவில் நிலம் பனியால் மூடப்பட்டுப் பூச்சிகள் அற்றுப்போகும் காலமும், வடகிழக்குப் பருவமழையால் இவ்வேலிகள் தளிர்த்துப் புழுவும் வெட்டுக்கிளியும் பெருகும் காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், பூச்சியுண்ணும் வலசைப் பறவைகளுக்கு இட்டேரி ஆறு மாத உணவுக் களஞ்சியமாக அமைகிறது.

அவற்றுள் எளிதில் கண்ணில் படுவது பழுப்புக் கீச்சான். கண்ணின் குறுக்கே கரும்பட்டையும் கொக்கிபோல் வளைந்த அலகும் கொண்ட, ஏறக்குறைய 30 கிராம் எடையுள்ள இப்பறவை, நேர்கோட்டில் அளந்தாலே 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சைபீரிய, மங்கோலியப் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் தென்னிந்தியாவை வந்தடைகிறது. வந்ததும் வேலியின் உயர்ந்த கொம்பில் அமர்ந்து கரகரத்த குரலில் ஓயாது கத்துவது, பிற கீச்சான்களை விலக்கித் தனக்கென ஓர் எல்லையை நிறுவுவதற்காகவே ஆகும். கூடு கட்டும் பருவத்தில் இணையுடன் வாழும் இப்பறவை, குளிர்காலத்தில் தனித்தே தன் எல்லையைக் காக்கிறது. பறவையைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட சிறு வளையம் பூட்டி விடுவிக்கும் வளையமிடல் முறையின் வழியே, சென்ற ஆண்டு தங்கிய அதே இடத்துக்கே கீச்சான்கள் திரும்பி வருவதும் அறியப்பட்டுள்ளது. அவ்வகையில் இதனை விருந்தாளி என்பதைக் காட்டிலும் அந்த வேலிக்கு உரிமையுள்ள குடி என்பதே பொருந்தும்.

அதே வேலியின் அடிப்புறத்தில், காணக் கிடைக்காமல் குரலால் மட்டுமே அறியப்படும் இன்னொரு குடி உண்டு. கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்ட் பிளைத்தின் பெயர் தாங்கிய நாணல் கதிர்க்குருவியான அது, ‘சக்… சக்…’ என்ற வறண்ட ஒலியை விட்டுவிட்டு எழுப்பியபடி இலைகளுக்குள்ளேயே இரை தேடுவதால், நிறம் கண்டு இனம் பிரிக்க முயல்வோர் பெரும்பாலும் ஏமாறுவர். இவ்வினம் கடந்த நூற்றாண்டில் மேற்கு நோக்கிப் பரவிப் பின்லாந்து வரை இனப்பெருக்க எல்லையை விரித்த பின்னரும், ஐரோப்பியப் பறவைகள் பலவற்றைப் போல ஆப்பிரிக்காவுக்குச் செல்லாமல், மூதாதையர் வந்த வழியே கிழக்கே திரும்பி இந்தியாவுக்கே வருகிறது. வலசையின் திசை பெருமளவு மரபுவழியில் அமைவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான்களும், சோளக்காட்டில் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவிகளும், கொறங்காட்டுப் புல்லை ஒட்டித் தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகளும் இந்நடையில் காணக்கூடியவையே. எனினும் அவை திறந்தவெளியைச் சார்ந்தவை; வேலி மறைந்தாலும் அவற்றிற் பலவற்றுக்குப் பிழைப்பு உண்டு. கிளுவையை வெட்டிக் கம்பிவேலி அமைக்கும்போதும், இட்டேரியை அகலப்படுத்தித் தார்ச்சாலை ஆக்கும்போதும் இடம் இழப்பவை கீச்சானும் கதிர்க்குருவியும்தான். அடுத்த பருவத்தில் அவை திரும்பி வரும்போது, அருகிலுள்ள வேலிகள் அனைத்தும் வேறு பறவைகளின் எல்லையாகவே இருக்கும்.

தமிழகத்தில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், எவரும் தம் ஊரிலேயே குறைந்தது 15 நிமிடம் பறவைகளை எண்ணி ஈபேர்ட் இணையதளத்தில் பதியலாம். புகழ்பெற்ற ஏரிகளிலிருந்து பட்டியல்கள் எளிதில் வந்து சேர்கின்றன. ஆனால் ஒரே இட்டேரியை ஆண்டுதோறும் ஒரே நேரத்தில், ஒரே தொலைவு நடந்து எண்ணிய பட்டியல்களே, எத்தனை கீச்சான் எல்லைகள் எஞ்சியுள்ளன என்பதைக் கணிக்க உதவும்.